சிறிதாகத் தொடங்க முடியாத மின்சாரம்

விண்வெளியில் சூரிய மின்சாரம் தயாரித்து மைக்ரோவேவ் கற்றையாகப் பூமிக்கு அனுப்பலாம் என்று 1968இல் அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் கிளேசர் சொன்னார். இன்றுவரை அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே "பறவையெல்லாம் வெந்துடாதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வேகாது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் நாசாவும் எரிசக்தித் துறையும் போட்ட மாதிரித் திட்டத்தில், தரைக்கு வந்து சேரும் கற்றையின் நடுவில் சதுர மீட்டருக்கு 230 வாட். உச்சிவெயில் ஏறக்குறைய 1000 வாட். ஆனால் வெயிலோடு ஒப்பிட்டு விட்டுவிடுவதும் சரியில்லை. மைக்ரோவேவ் தோலைத் தாண்டி உள்ளே இறங்கும். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 10 வாட்தான். அதனால் கற்றை இறங்கும் இடத்தைச் சுற்றி வேலி வேண்டும். அங்கேயே வட்டமிடும் பறவைகளைப் பல வருடம் கவனிக்கவும் வேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. அலைகள் பரவும் இயல்புடையவை. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்பினால், மேலே ஒரு கிலோமீட்டர் அகல ஆன்டெனா இருந்தும் கீழே பத்து கிலோமீட்டருக்கு விரிந்துவிடும். மேலே ஆன்டெனாவைச் சின்னதாக்கினால் கீழே வட்டம் இன்னும் பெரிதாகும். எப்படியும் பெரிதாகத்தான் கட்ட வேண்டும். அந்த நாசா திட்டத்தில் ஒரு செயற்கைக்கோளுக்கு 5 ஜிகாவாட் என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சோலார் பேனல் அப்படியில்லை. கால்குலேட்டர் போன்ற சின்னச் சாதனங்களில் இடம்பிடித்து, கூரைக்கு வந்து, விற்க விற்க விலை குறைந்து வளர்ந்தது. விண்வெளி மின்சாரத்துக்கு அந்த ஏணி இல்லை. முதல் யூனிட் மின்சாரம் வருவதற்குள் ஆயிரக்கணக்கான டன் மேலே போயிருக்க வேண்டும், அத்தனை ராக்கெட் புகையும் வளிமண்டலத்தில் கலந்திருக்கும்.

தொழில்நுட்பம் பொய்யில்லை. 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் பொறியாளர் வில்லியம் பிரவுன் குழு ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பிக் காட்டியது. 2023இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தின் சோதனைக் கருவி சுற்றுப்பாதையிலிருந்து அனுப்பிய சமிக்ஞை தரையில் பிடிபட்டது. கற்றையைப் பிடித்து மின்சாரமாக்கும் தரை ஆன்டெனாவான ரெக்டென்னா வெறும் கம்பிவலை மாதிரி என்பதால் அடியில் வெளிச்சம் விழும், பயிர்கூட வைக்கலாம். இரவிலும் மின்சாரம் வரும். இதெல்லாம் எனக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் 2024 ஜனவரியில் வந்த நாசா அறிக்கை, இந்த மின்சாரத்துக்குத் தரையில் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைவிட 12 முதல் 80 மடங்குவரை செலவாகலாம் என்கிறது. ஏவும் செலவு பெரிதாகக் குறைந்தால் கணக்கு மாறும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சரி, அது குறையட்டும். அதுவரை ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் கொடுங்கள். பேட்டரிக்கும் மின்கம்பிப் பாதைக்கும் ஒதுக்க வேண்டிய பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.