உலைக்குள் என்ன போகிறது என்று பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் ஒரு குடும்பம் பித்தளைப் பைப் (தண்ணீரைத் திறந்து மூடும் குழாய்) வார்த்து முன்னுக்கு வந்தால், "சீனாச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே, இவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். விலையில் மோதினால் தாக்குப்பிடிக்க முடியாதுதான். ஆனால் உலைக்குள் எது போகிறது என்பதில் கண்டிப்பாக இருந்தால், அந்தக் குடும்பத்தை யாராலும் அசைக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய பைப்புகளைக் கிலோ கணக்கில் வாங்கி உருக்குவதில் தவறில்லை. பிரித்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடிகள் பல துத்தநாகக் கலவை. மேலே குரோம் இருப்பதால் பித்தளை மாதிரியே தெரியும். கழற்றாமல் போட்டால் துத்தநாகம் கூடி, வார்ப்பு எளிதில் விரிசல் விடும். இரும்பு ஸ்குரு கலந்தால் உள்ளே கெட்டிப் புள்ளிகள் விழுந்து லேத்து முனையை உடைக்கும். காந்தம் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி செல்சியஸ். பித்தளையை ஊற்றும் சூடு அதைத் தாண்டும். உருகியதை ஊற்றாமல் வைத்திருந்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்விடும், கலவையும் மாறும். அந்தப் புகையை இழுத்த தொழிலாளிக்கு இரவில் காய்ச்சலும் குளிரும் வரும். புகைபோக்கி கட்டாயம்.

பைப்பின் உட்குழிவை உண்டாக்க அச்சுக்குள் வைக்கும் மணல் கோரில் ஈரம் இருந்தால் ஊசித் துளைகள் விழும், வெளியே தெரியாது. கடைந்த பிறகு தண்ணீரில் அமுக்கிக் காற்றுச் செலுத்தினால்தான் குமிழ் வரும். ஒவ்வொரு பைப்பையும் இப்படிச் சோதிக்க வேண்டும். குமிழ் விட்டதைப் பசை தடவி விற்காமல் உலைக்கே திருப்புகிற பட்டறைதான் வளரும்.

மரையிலும் கவனம் வேண்டும். நாம் பயன்படுத்தும் பிரிட்டிஷ் மரை அளவான பிஎஸ்பியில் அரை இஞ்சு பைப்புக்கு ஓர் இஞ்சுக்கு 14 மரை, கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரை அளவான என்பிடிக்கும் 14தான், ஆனால் 60 டிகிரி. ஒன்றை மற்றொன்றில் திருகினால் சில சுற்று ஏறிவிடும், கசிவைத் தடுக்கும் டேப் எவ்வளவு சுற்றினாலும் கசியும்.

குரோம் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அரிப்பைத் தடுப்பது அடியிலுள்ள நிக்கல். பூச்சுக் கழிவு மலேசியாவின் 2005 விதிகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது தனியாகக் கையாள வேண்டிய அபாயக் கழிவு. சின்னப் பட்டறை உரிமம் உள்ள இடத்தில் பூசக் கொடுப்பதே நல்லது.

உள்ளூர்க்காரர்களின் உண்மையான பலம் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அறிந்திருப்பதுதான். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தொட்டி ஷவருக்கு 2, 3 மீட்டர் மேலே இருந்தால் 0.2, 0.3 பார்தான் கிடைக்கும். பைப்புக்குள் தண்ணீரைத் திறந்து மூடும், துவாரம் குறுகிய செராமிக் கார்ட்ரிட்ஜில் தண்ணீர் நூலாக வரும். ரப்பர் வாஷரும் அது அமரும் அகலமான இருக்கையும் உள்ள பைப் அங்கே நன்றாக ஓடும். இதை வார்த்து, ஸ்பான் எனும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அங்கீகாரமும் வாங்கினால் வீடமைப்புக் குத்தகையாளரிடமே விற்கலாம்.

வாங்குகிறவர்கள் ஹார்ட்வேர் கடையில் ஒன்று கேளுங்கள்: இதே பைப்புக்கு ஸ்பிண்டிலும் (கைப்பிடியோடு சுற்றும் தண்டு) வாஷரும் தனியாகக் கிடைக்குமா?