கேக்க ஆள் இல்லையா, விக்க ஆள் இல்லையா?

ரேடியோ ஸ்டேஷன்ல ராத்திரி ஒம்போது மணிக்கு ரெண்டு மணி நேரம் வந்த பாட்டைத் தூக்கிட்டு போன்ல ஆளை ஏமாத்திச் சிரிக்கிற ஷோவைப் போட்டாங்கல்ல, அதுக்கு நான் எழுதின ரெண்டு வரிக்குக் கீழ பாதிப் பேர் "இப்பல்லாம் ரேடியோ யாருங்க கேக்குறா"ன்னு கேட்டிருந்தீங்க. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல.

கேக்க ஆள் இருக்கு. எங்க வீட்லயே இருக்கு. அம்மா முப்பது வருஷமா பிளவுஸ் தைக்கிறவங்க. ரேடியோவோட பின்மூடி உடைஞ்சு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும், அந்த ஸ்டேஷன் எடுக்குற இடத்துல டயல் மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும், கண்ணு மங்கினப்புறம் முள்ளைப் பொட்டுக்கு நேரா கொண்டுவந்தா போதும்னு அவங்களே ஒட்டினது. ஹெம்மிங், ஹூக் வைக்கிறதெல்லாம் ராத்திரிதான், மெஷின் ஓடாது, பாட்டு கேக்கும். போன திங்கக்கிழமை முள்ளு பொட்டுலதான் நிக்குது, உள்ள யாரோ யாரையோ மிரட்டிட்டு இருக்காங்க. "முள்ளு நகந்துருச்சா பாருடா"ன்னாங்க. நகரலம்மான்னு சொல்ல வாய் வரல.

1952ல ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கினப்போ சனம் பாட்டையா விட்டுச்சு? இலங்கையோட ரேடியோ சிலோனுக்குப் போச்சு. அப்புறம்தான் 1957ல ஆல் இந்தியா ரேடியோவோட பாட்டுச் சேவையான விவித் பாரதியே வந்துச்சு. அமெரிக்காவுல 70கள்ல அமைதியான இசை மட்டும் போட்ட எஃப்எம் ஸ்டேஷனுங்க பல ஊர்ல முன்னணியில இருந்துச்சு, 80கள்ல ஒண்ணொண்ணா மாத்திட்டாங்க. கேக்குறவங்களுக்கு வயசாயிடுச்சாம், விளம்பரக்காரங்களுக்கு 25லேர்ந்து 54 வயசு ஆளுங்கதான் வேணுமாம். கேக்க ஆள் இல்லாம போகல, விக்க தோதான ஆள் இல்லன்னு முடிவு பண்ணாங்க. இங்கயும் அதேதான்.

ஸ்டேஷனுக்கு லைசென்ஸ் பணம், சம்பளம், கரண்ட் பில் இருக்கேன்னா, சரி, இருக்கு. விவித் பாரதியிலயும் 1967லேர்ந்து விளம்பரம் வருது, ஆனா அதை மட்டும் நம்பி நடக்கல, அதான் இன்னும் பாட்டு வருது. டெக்சாஸ்ல கார்பஸ் கிறிஸ்டியில ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் மெல்லிசைக்குன்னே எஃப்எம் ஸ்டேஷன் நடத்துது. பொழைக்க வழி இருக்கு, மனசுதான் வேணும்.

"அம்மாவுக்கு ஆப் போட்டுக் குடுங்க"ன்னு ஒருத்தர் அறிவுரை. குடுத்தேன் தம்பி, குடுக்காமலா இருப்பேன்? கையில ஊசி நூலு, மடியில துணி, ஒவ்வொரு பாட்டுக்கும் போனைத் தேய்க்கச் சொல்றீங்களா? தானா ஓடும்பீங்க, ஓடுது, ஆனா பாட்டுக்கு முன்னாடி "இரவு வணக்கம்"னு ஒரு குரல் வருமே, அது அதுல எங்க வருது? அப்பா போனதுக்கப்புறம் அந்த நேரத்துல எங்கம்மாகிட்ட பேசின ஒரே குரல் அது. நான் அப்போ வெளியூர்ல வேலை பாத்தேன், வாரத்துக்கு ஒருதரம் போன் பண்ணிட்டு இருந்தேன்.

ரெண்டு மணி நேரம் வேணாம், ஒரு மணி நேரம் திருப்பிக் குடுங்க. அம்மா இன்னும் பொட்டை எடுக்கல. ஒம்போதுக்குப் போட்டுப் பாக்குறாங்க, அணைச்சிடுறாங்க. ஹூக் வேலையெல்லாம் இப்ப பகல்லயே முடிச்சிடுறாங்க.