பூட்டு பெரிது சரி, நாதாங்கி?

“ஷெட் கதவுக்கு நல்ல பெரிய பூட்டாகப் போட்டால் போதும், உள்ளே சைக்கிளைத் தனியாகப் பூட்டுவது வீண் வேலை” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல. கொல்லையில் இருக்கும் தகர ஷெட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். பூட்டு 800 ரூபாய்க்கு வாங்கியதாக இருக்கும். அது தொங்கும் நாதாங்கியை நாலு சின்ன ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும், தலை நாலும் வெளியே தெரியும். திருட வருகிறவன் பூட்டைத் தொடவே மாட்டான், ஸ்க்ரூ டிரைவர் போதும். கீலும் வெளிப்பக்கம் என்றால் இன்னும் வசதி. ஸ்க்ரூவுக்குப் பதில் கதவைத் துளைத்துப் போகும் போல்ட் போடுங்கள்: வழவழப்பான உருண்டைத் தலை வெளியே, அகல வாஷரும் நட்டும் உள்ளே.

அப்புறம், தகரத்தையே நெம்பி நுழையலாம் என்பதால் உள்பூட்டுதான் முக்கியம். தரைக் காங்கிரீட்டில் இரும்பு வளையம் பதித்து, கெட்டியான சங்கிலியை ஃபிரேம், பின்சக்கரம் இரண்டிலும் நுழைத்துப் பூட்டுங்கள். சங்கிலி தரையில் கிடக்க வேண்டாம். போல்ட் கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறு பிடியில் உடம்பு எடையைப் போட்டு வெட்டிவிடுவார்கள். மெல்லிய கேபிள் பூட்டு சின்ன கட்டருக்கே தாங்காது. இரும்பு அறுக்கும் கிரைண்டர் கொண்டுவந்தால் எதுவும் அறுபடும், உண்மைதான். ஆனால் அந்தச் சத்தத்துக்குத் தெருவே எழுந்துவிடும்.

அதே ஷெட்டில் கடப்பாரையும் ஸ்பானரும் வைத்திருக்கிறீர்களா? முதலில் அவற்றை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். சைக்கிளின் இரண்டு பெடலையும் இணைக்கும் அச்சுக்கு அடியில் பெரும்பாலும் ஃபிரேம் நம்பர் அடித்திருக்கும். போட்டோ எடுத்து வைத்தால் புகார் எழுத உதவும்.