கூலி பேசிய வாயும் குரோம் வாங்கிய கையும்

பழைய கார் வைத்திருக்கும் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "வேலை தெரிஞ்ச பாஸ் இல்லப்பா." பாஸ் என்றால் இங்கே கைத்தொழில் தெரிந்த மேஸ்திரி. அடுத்த வரியும் எல்லோருக்கும் மனப்பாடம். "இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு எங்க பொறுமை, போன நோண்டத்தான் தெரியும்." பத்து வருஷமாக நானும் இதற்குத் தலையாட்டி, பிளேன்டீ குடித்துவிட்டு எழும்பி வந்திருக்கிறேன். இனி ஆட்டுவதாக இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

என்னிடம் இருப்பது 1954 மொரிஸ் மைனர். முன் கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டாக இருக்கும் மொடல், 803 சீசீ. நம்பர் தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து ஏறுவதற்கு முந்தைய வண்டி. இன்டிகேட்டர் கிடையாது; திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து 'டக்' என்று ஒரு சின்னக் கைகாட்டி வெளியே நீளும். ஒரு தோட்டத்துத் துரையின் கார். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அவர் மூட்டையைக் கட்டினார், அங்கே டீமேக்கராக, அதாவது தேயிலை தயாரிப்பைப் பார்க்கிறவராக, இருந்த என் பெரியப்பா அதை வாங்கினார். பெரியப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. வாத்தியார் சம்பளத்தில் மைனர் வளர்ப்பது யானை வளர்ப்பது மாதிரி. என்ன ஒன்று, யானை மழையில் துருப்பிடிக்காது.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஆசை முற்றி, கொழும்புப் பக்கம் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். பெயர் வேண்டாம். பதினான்கு மாசம் வைத்திருந்தார்கள். வாங்கப் போன அன்று கண்ணைப் பறித்தது கார். அப்படி ஒரு பச்சை, அப்படி ஒரு மினுக்கம். ஒரு பக்கக் கைகாட்டியைக் காணோம். கேட்டால் "வரும்போதே இல்ல சேர்" என்றார்கள். சரி போகட்டும் என்று ஏறி ஓட்டிக்கொண்டு வந்தேன். வட்டவளை தாண்டி ஒரு வளைவில், நல்ல காலம், பின்னால் வந்த பஸ்ஸுக்கு இடம் விட வேகத்தைக் குறைத்திருந்தேன். இடது முன் சக்கரம் மெதுவாக மடிந்து மட்காட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சாமி கும்பிடுகிற மாதிரி கார் ரோட்டில் முன்னங்கால் போட்டது. மழை. நான் வேட்டி.

மைனரை அறிந்தவர்களுக்கு இது என்னவென்று உடனே தெரியும். முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ் முனை ஒரு மரையில் சுழலும், டிரனியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் காட்டாமல் விட்டால் மரை தேய்ந்து தண்டு கழன்று வந்துவிடும். மைனரின் பேர்போன நோய் இது. பதினான்கு மாசத்தில் ஏழு கோட் பெயின்ட் அடித்தவர்களுக்கு ஒரு கிரீஸ் நிப்பிளில் கை வைக்கத் தோன்றவில்லை.

காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தது கொட்டகலைப் பக்கத்து பாஸிடம். வயது எழுபத்திரண்டு. அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டர். இவர் பத்து வயதிலிருந்தே அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர். வண்டியைச் சுற்றி வந்தார். பெயின்டை ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார். அது ஒட்டாமல் நழுவிக் கீழே விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தார், அங்கேயும் விழுந்தது.

"மாஸ்டர், இது கதவு இல்ல. பட்டி."

உள்ளே தகடு இருக்க வேண்டிய இடத்தில் விரல் மொத்தத்துக்குப் பட்டி, பள்ளத்தை நிரப்பிப் பெயின்டுக்கு அடியில் பூசும் பசை. அடியில் துரு அப்படியே உயிரோடு.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. மலையகத்தில் பழைய கார் வேலை தெரிந்த கைகள் வானத்திலிருந்து விழவில்லை. தேயிலை ஸ்டோர்தான் அவர்களின் பள்ளிக்கூடம். அந்தக் காலத்து ஸ்டோரில் கூரைக்கடியில் ஒரு நீள இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து பெல்ட் போட்டு ரோலர், சல்லடை எல்லாம் சுழலும். அந்தத் தண்டு உட்காரும் பெயரிங்குகள் வைட் மெட்டல். ஈயம் மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பகுதி தகரம், கூட அந்திமனியும் செம்பும். தேய்ந்துபோனால் புதுசு வாங்க முடியாது. உருக்கி ஊற்ற வேண்டும். ஊற்றி ஆறியதும் நீலம் பூசிய தண்டை வைத்துச் சுழற்றிப் பார்த்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் சீவ வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சீவல். ஒரு பெயரிங்குக்கு ஒரு நாள் போகும். 1930களின் ஒஸ்டின் செவன், மொரிஸ் எய்ட் கார்களின் என்ஜினிலும் இதே வைட் மெட்டல்தான். ஸ்டோரில் ரோலருக்கு ஊற்றிய கைக்குத் துரையின் காருக்கு ஊற்றுவது பெரிய வித்தையா? ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குக் கூப்பிட்டு ஊற்றச் சொல்வார்களாம். கூலி, ஒரு பழைய கோட்டு.

பிறகு அந்தப் பள்ளிக்கூடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியது கொழுந்து பறித்த கைகள் மட்டுமா? பிட்டரும் டிரைவரும் கொல்லனும் தச்சனும் அதில்தான் போனார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றைக்கும் நம்ம ஊர்ப் பேச்சுக் கேட்கிறது. பாஸின் சித்தப்பாவும் அப்படிப் போனவர்தான். அவரைப் போல லேத்தில் மரை வெட்ட இந்த டிவிஷனில் பிறகு ஆள் வரவில்லை என்பார்.

போகாமல் தங்கியவர்களை வாழ வைத்தது, விசித்திரம்தான், நாட்டின் பஞ்சம். அறுபதுகளிலும் எழுபதுகளின் முற்பாதியிலும் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கி வைத்திருந்தார்கள். பார்ட்ஸ் வராது. வராததால் செய்தார்கள். 1977இல் கதவு திறந்தது, ஜப்பான் ரீகண்டிஷன் வண்டிகள் வந்து இறங்கின, வேலை என்பது கழற்றுவதும் மாட்டுவதும் என்றாகிவிட்டது. அதில் பிழையில்லை, கொரொல்லா ஓடுகிறவனுக்கு அது போதும். ஆனால் அதையே பார்த்து வளர்ந்த ஒரு தம்பி என் மைனரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு புது வண்டிகளுக்குப் போடும் கம்ப்யூட்டர் ஸ்கேனரைச் சொருக இடம் தேடியதை நான் கண்ணால் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், அவனுக்கு யார் காட்டிக் கொடுத்தார்கள்? பெற்றோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யூ. கார்பரேட்டரில் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்து என்ஜின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று எந்தப் போன் அவனுக்குச் சொல்லும்? கொழும்பில் டியூன் பண்ணிய வண்டி 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏறினால் காற்று மெலிந்து கறுப்புப் புகை கக்கும். கார்பரேட்டரின் அடியில் பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை இரண்டு முகம் மேலே திருகினால் சரியாகும். பாஸ் இதைப் பேச்சுவாக்கில் செய்வார், பீடி கூடக் கையிலிருந்து இறங்காது.

அவரிடம் அப்போது ஒரு பையன் இருந்தான். பத்தொன்பது வயது, ஓ.எல். பரீட்சை முடித்தவன், பக்கத்து லயம், தோட்டத்து வரிசை வீடு. இடது கதவைப் பிரித்த அன்று நான் கூடவே நின்றேன். பட்டியை எல்லாம் உளியால் கழற்றி, துருவை வெட்டி, புதுத் தகடு வைத்துக் காஸ் வெல்டிங் பிடித்தார்கள். சூட்டில் தகடு ஊதிப்போனது. விரலால் அமுக்கினால் பிஸ்கட் டின் மூடி மாதிரி 'டொக்' என்று உள்ளே போய், விட்டால் வெளியே வந்தது. கொழும்புக் கராஜ் என்றால் இந்த இடத்தில் பட்டி டின் திறந்திருக்கும். பாஸ், ஊதிய இடத்தின் நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு வட்டத்தைச் செக்கச்சிவக்கக் காய்ச்சினார். பின்னால் டொலி என்கிற இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துச் சுற்றிலும் சின்னச் சின்னதாய்த் தட்டினார். பையன் கையில் ஈரச் சாக்கு.

"அவசரப்படாதடா. செவப்பு அடங்கட்டும்... அடங்கட்டும்... இப்ப."

சாக்கு 'சுர்ர்' என்றது. தகடு சுருங்கியது. அடுத்த புள்ளி. இப்படிப் பதினோரு புள்ளி எண்ணினேன். கடைசியில் பாஸ் உள்ளங்கையின் கீழே ஒரு பழைய பனியன் துணியை வைத்துக் கதவு முழுக்கத் தடவிப் பார்த்தார். வெறுங்கையைவிடத் துணி வைத்த கைக்குத்தான் மேடு பள்ளம் தெரியுமாம். பையனையும் தடவச் சொன்னார். அவன் கண்ணை மூடிக்கொண்டு தடவி, ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க மாமா" என்றான். நான் தடவினேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாஸ் அதே இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பொறுமை இல்லாத தலைமுறையாம்.

இனி என் குட்டையும் உடைத்துவிடுகிறேன். அந்தக் கதவுக்குப் பாஸ் கேட்டது 35,000. நான் பேரம் பேசி 28,000க்கு இறக்கினேன். வாத்தியார் வாய், சும்மா இருக்குமா? அதே மாசம் இங்கிலாந்திலிருந்து பம்பருக்குக் குரோம் சாமான் எடுப்பித்தேன், கூரியரோடு 62,000. அங்கே ஒரு சதம் குறைக்கச் சொல்லவில்லை. திரையில் போட்டிருந்த விலை, அழுத்தினேன், போயிற்று. நாலு நாள் முதுகு வளைந்தவரிடம் ஏழாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட எனக்கு, ஆளில்லை என்று புலம்ப என்ன தகுதி?

இன்னொன்று. சித்திரைச் சீசனில் நுவரெலியாவில் பழைய கார்கள் அணிவகுக்கும்போது, காருக்கு முன்னால் ஒரு அட்டை வைப்போம்: ஆண்டு, மொடல், உரிமையாளர் பெயர். ஒருமுறை பாஸையும் கூட்டிக்கொண்டு போனேன். கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இதுக்கு என்ஜின் நான் கட்டுனது. அதுக்குத் தளம் நான் போட்டது." வரிசை முடியும் இடத்தில் நின்று, குறையாகக்கூட இல்லை, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார்: "என் பேரு எந்தக் காருல இருக்கு மாஸ்டர்?"

அவர் மகன் கட்டாரில் ஏசி மெக்கானிக். தொழிலுக்கு ஏன் கூட்டி வரவில்லை என்று அவரிடம் இனி யாரும் கேட்க வேண்டாம்.

வேலையின் தரத்தில் குறை என்று சொல்ல யாராலும் முடியாது. மொரிஸ் மைனர் பிறந்த நாட்டிலேயே, பாத் நகரில் மைனருக்கென்று இருந்த ஒரு நிறுவனம், உடல் தகடுகளை இலங்கையில் கையால் அடிப்பித்து எடுத்துக்கொண்டு போன வரலாறு இருக்கிறது. அதே பிரித்தானியாவிலும் ஆள் பஞ்சம் வந்தது. அவர்கள் பிஸ்டரில் ஒரு பழைய விமானப்படைத் தளத்தில் பொடியன்களைச் சம்பளத்தோடு பழக்குகிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து மக்பெர்சன் கல்லூரியில் பழைய கார் புதுப்பிப்புக்கு நாலு வருஷப் பட்டமே உண்டு. இங்கே, வேலையில் பழகியவர்களைச் சோதித்து என்.வீ.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி நைட்டாவில், அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிறுவனத்தில், இருக்கிறது. பாஸிடம் சொன்னேன். "எழுபத்திரண்டு வயசுல எனக்குப் பரீட்சையா?" என்று சிரித்தார். பையனுக்காகப் படிவம் எடுக்கப் போகலாம் என்று நான் நினைத்து நினைத்தே எட்டு மாசம் ஓடிவிட்டது.

அதற்குள் அவன் கொரிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று வெளிநாடு போன நாடு இது. அவன் மட்டும் என் மைனருக்காகத் தங்குவானா? போகும் முன் வீட்டுக்கு வந்தான். என் காலைத் தொடப் போனவனைத் தூக்கி நிறுத்தினேன். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். பிளாஸ்டிக் வாளி செய்யும் பெக்டரியாம் சேர் என்றான். கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் மேட்டைக் கண்டுபிடித்த கை.

லயக் கூரை ஒழுகுகிற ஊரில் உனக்கு மைனர் கவலையா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். ஆனால் இந்தத் தொழில் காரோடு நிற்பதில்லை. கந்தப்பளையில் மரக்கறி இழுக்கிற பழைய லேன்ட்ரோவரின் சேஸி வெடித்தாலும், ஸ்டோரில் ரோலர் தண்டு தேய்ந்தாலும் தேடி வருவது இதே பாஸைத்தான். சோறு போடுகிற தொழில். போட வேண்டிய அளவுக்கு நாம் போடவில்லை, அவ்வளவுதான்.

நானும் இன்னும் இரண்டு கார்க்காரர்களும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு மாசம் 45,000 வீதம் ஒரு வருஷம், பஸ் காசு தனி, பகல் சோறு பாஸ் வீட்டில். மூன்று கார்களும் அவசரமில்லாமல் நிற்கும், பழகட்டும். நைட்டா படிவத்தை இந்த முறை முதல் வாரத்திலேயே நான் எடுத்துத் தருவேன். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்றில்லை. பாஸிடம் கேட்டதற்கு, "கொழுந்து பறிக்கிற விரலுக்குத் தகடு தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டார். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் விருப்பமுள்ள பிள்ளை யாராவது இருந்தால் எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள். படிப்பு, வயது பற்றிப் பாஸுக்குக் கவலையில்லை. அவர் போட்டிருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: முதல் ஆறு மாசத்துக்குப் பட்டி டின்னைத் திறக்கக் கூடாது.