கிரேயோன் விழுந்தது விதியாலா?

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் தீப்ஸ் நகர மன்னன் கிரேயோன் விதியின் கைப்பாவை என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆன்டிகனியின் தந்தை ஈடிபஸுக்கு அவன் பிறக்கும் முன்பே டெல்ஃபி கோயிலின் குறி, அதாவது தெய்வ வாக்கு, இருந்தது. கிரேயோனுக்கு நாடகத்தின் தொடக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. போரில் இறந்த ஆன்டிகனியின் சகோதரன் பாலினைசிஸைப் புதைக்கக் கூடாது என்பது அவனே போட்ட ஆணை. அதை மீறி இறுதிச் சடங்கு செய்த ஆன்டிகனியை அவன் குகையில் அடைக்கிறான். எதிர்த்தவர்களை எல்லாம் அவன் சந்தேகிக்கிறான்: காவலாளி காசு வாங்கிவிட்டான், ஆன்டிகனியை மணக்கவிருந்த மகன் ஹீமன் பெண்ணுக்கு அடிமை, குறிசொல்லும் டைரீசியஸும் பணத்தாசை பிடித்தவர். பலித்தீ பற்றவில்லை, நாயும் பறவையும் பிணத்தின் சதையால் பலிபீடங்களைத் தீட்டாக்கிவிட்டன என்று அந்தக் குருட்டு ஞானி விவரித்தும் இறங்கி வரவில்லை. மகனின் சாவு பற்றிய எச்சரிக்கை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அப்போதாவது அவசரம் காட்டியிருக்கலாம். குகையில் அடைத்த பெண்ணை விடுவி, சடலத்துக்குக் கல்லறை எழுப்பு என்று முதியோர் குழு வரிசையாகச் சொல்கிறது. அவன் தலைகீழாகச் செய்கிறான். சடலத்தைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிய பிறகே குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். ஹீமன் அப்பன்மீது வாளோங்கி, குறி தவறி, தன் விலாவில் பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்டு மனைவி யூரிடிசியும் உயிரை விடுகிறாள். இந்தப் பழியை வேறு யார்மீதும் போட முடியாது என்று கடைசியில் கிரேயோனே கதறுகிறான். கட்டுரை அந்த இடத்தைத் தொடவே இல்லை.