துப்பாக்கி இருந்தால்தான் காப்பாற்ற முடியுமா?
'துப்பாக்கி உரிமம் இல்லாத சாதாரண மனிதரால் பிறரைக் காப்பாற்ற முடியாது' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆவது பிரிவு, தன்னை மட்டுமல்ல, முன்பின் தெரியாதவரையும் தாக்குதலிலிருந்து காக்கும் உரிமையைத் தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37ஆவது பிரிவு எல்லை வகுக்கிறது. காட்பாடியில் ஓர் இரவு, குடிபோதையில் ஒருவன் கத்தியுடன் மனைவியைத் துரத்தி வந்தான். டீக்கடைக்காரர் அந்தப் பெண்ணை உள்ளே இழுத்து ஷட்டரை இறக்கிவிட்டார். நாங்கள் நாலைந்து பேர் பெஞ்சைக் குறுக்கே போட்டுக் கூச்சலிட்டோம், ஒருவர் அவசர உதவி எண்ணான 112-க்கு அழைத்தார். அந்த நெரிசலில் யாராவது சுட்டிருந்தால் குண்டு யார்மேல் பாய்ந்திருக்கும்? தற்காப்புக் கலை ஒன்றே போதும் என்று எழுதியிருக்கும் குடியாத்தம் நண்பருக்கு: எங்கள் பகுதிச் சிலம்ப ஆசான், கத்தியைக் கண்டால் முதலில் விலகி ஓடத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்.