தழும்புக்கும் ஆய்வு நிதி ஒதுக்குங்கள்

தீக்காயம் ஆறிவிட்டது என்று கேஸ் ஷீட்டில் எழுதும் நாளில்தான் தழும்பு தன் வேலையைத் தொடங்குகிறது. ஆய்வு நிதியோ பெரும்பாலும் அந்த நாளோடு கணக்கை முடித்துக்கொள்கிறது. இதை மாற்றச் சொல்லித்தான் இந்தப் பதிவு.

தொடையிலிருந்து ஏறக்குறைய 0.2 முதல் 0.4 மி.மீ. தடிமனில் தோலைச் சீவி எடுத்துக் காயத்தில் ஒட்டுகிறோம். மெல்லிய தோல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், ஆனால் பிறகு அதிகம் சுருங்கும். பாதி உடல் வெந்தவருக்கு எடுக்கவே தோல் இருக்காது. அப்போது எடுத்ததை வலைபோலக் கீறி ஒன்றுக்கு மூன்றாக விரிக்கிறோம். அந்த வலைக்கண்கள் தானாக மூடும் இடமெல்லாம் தழும்புதான். கழுத்தில் இது இறுகினால் முகவாய் நெஞ்சோடு ஒட்டும், கீழுதடு வெளியே பிதுங்கும். அதை விடுவிக்க அறுவை அரங்குக்கு வந்தாலும், தலையை நிமிர்த்த முடியாததால் மயக்க மருத்துவர் மூச்சுக்குழாய் பொருத்தவே திண்டாடுவார்.

ஆய்வகத்தில் வளர்த்த தோல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனிதத் தோல் செல்லிலிருந்து மேல்தோல் வளர்க்க முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ரைன்வால்டும் கிரீனும் காட்டியது 1975-இல். ஒட்டும் அளவுக்கு அது வளர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. அடித்தோல் இல்லாத இடத்தில் ஒட்டினால் கொப்புளித்து உரிகிறது. அந்த ஆய்வும் நடக்கட்டும்.

ஆனால் தழும்பு தடிக்காமல் அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான ஆடையான பிரஷர் கார்மென்டைப் பாருங்கள். குளிக்கும் நேரம் போக நாள் முழுக்க, தழும்பு முதிரும்வரை ஓராண்டுக்கும் மேல் போட வேண்டும். அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம் இருக்க வேண்டும். சில மாதங்களில் துணி தளர்ந்துவிடும், துவைத்து மாற்ற இரண்டு செட் தேவை. கத்திரி வெயிலில் வியர்த்து அரிக்கும்போது எந்தக் குழந்தையும் கழற்றித்தான் போடும். நம் வெக்கையில் எந்தத் துணி தாங்கும், எத்தனை மணி நேரம் போட்டால் போதும்? பின்னலாடைக்குப் பேர்போன திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் ஆராயாமல் விடுவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். தோல் பதனிடுவதை ஆராயும் சென்னை சி.எல்.ஆர்.ஐ. விலங்குத் தோலின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து காயக்கட்டு உருவாக்கியதே, உள்ளூர்த் தொழிலை மருத்துவத்துக்குத் திருப்பும் வழி நமக்குப் புதிதல்ல.

காலக்கணக்கும் இடிக்கிறது. எலும்பு வளரும், தழும்பு கூடவே நீளாது. ஐந்து வயதில் அக்குள் வெந்த பிள்ளையை வளர்ச்சி நிற்கும்வரை பார்க்க வேண்டும். மூன்றாண்டுத் திட்டம் முடியும்போது அந்தப் பிள்ளைக்கு எட்டு வயதுதான்.

ஆகவே விண்ணப்பம் எழுதுபவர்களும் நிதி தருபவர்களும் கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு வையுங்கள்: பிசியோதெரபிஸ்டின் சம்பளம், மாற்று கார்மென்ட், மூட்டு மடங்கி இறுகாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட், ஒவ்வொரு வருகையிலும் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்ற அளவு, ஒரே வெளிச்சத்தில் எடுத்த படம். நோயாளிக்கும் கூட வருபவருக்கும் பஸ் கட்டணம், அன்றைய கூலி இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாததால்தான் ஆறாம் மாதத்துக்குப் பிறகு பலர் வருவதில்லை.